ப்ராக்ஸியாக வந்த டிராயிங்: பிளக்-இன் இல்லாதபோது எதை முதலில் பார்ப்பது

வெளியிலிருந்து வந்த டிராயிங்கைத் திறக்கிறீர்கள். "ப்ராக்ஸி இன்ஃபர்மேஷன்" என்று ஒரு பெட்டி எழும்புகிறது. அவசரத்தில் ஓகே அழுத்திவிட்டு வேலையைத் தொடங்குகிறீர்கள். சுவரைப் பிடித்தால் நகர மறுக்கிறது, குழாய்க்கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செவ்வகம் மட்டும் நிற்கிறது, அழிக்கப் போனால் அழியவில்லை. வாரத்துக்கு ஒருவராவது இந்தச் சிக்கலோடு என் மேசைக்கு வருகிறார். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே அறிகுறிவாரியாக எழுதி வைக்கிறேன். ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

பின்னணி இரண்டு வரிதான். சிவில் 3டி, ஆட்டோகேட் ஆர்க்கிடெக்சர் போன்ற மென்பொருள்களும், தனி நிறுவனங்களின் பிளக்-இன்களும் தங்களுக்கென்று சொந்த ஆப்ஜெக்ட்டுகளை உருவாக்குகின்றன. அவற்றைப் புரிந்துகொள்ளும் நிரல் உங்கள் கணினியில் இல்லாவிட்டால், டிராயிங்கில் சேமித்துவைத்த ஒரு படத்தை மட்டும் ஆட்டோகேட் காட்டும். அந்த உருவத்துக்குத்தான் ப்ராக்ஸி என்று பெயர்.

## எதையும் தொடுவதற்கு முன்

வந்த ஃபைலை நகல் எடுத்து, அசலை ரீட்-ஒன்லி ஆக்கி ஒதுக்கி வையுங்கள். எக்ஸ்ப்ளோட் செய்து (தனித்தனிக் கோடுகளாக உடைத்து) சேமித்துவிட்ட ப்ராக்ஸியை மீண்டும் ஆப்ஜெக்ட்டாக மாற்ற வழியே கிடையாது. எக்ஸ்ப்ளோட் செய்யாமல் வைத்திருந்தால், உள்ளிருக்கும் தரவு அப்படியே காத்திருக்கும். பிளக்-இன் உள்ள கணினியில் திறந்ததும் சுவர் சுவராகவும் குழாய் குழாயாகவும் எழுந்து நிற்கும்.

அடுத்து, அந்தப் பெட்டியைப் படியுங்கள். இல்லாத அப்ளிகேஷனின் பெயர் அதில் இருக்கும். மொத்தம் எத்தனை ப்ராக்ஸி, அவற்றில் எத்தனைக்குப் படம் உண்டு, எத்தனைக்கு இல்லை என்ற எண்ணிக்கையும் இருக்கும். தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள பாதி முடிவுகளை இந்த எண்கள்தான் எடுக்கும்.

பெட்டியே வரவில்லை, ஆனால் ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறதா? யாராவது அதை அணைத்து வைத்திருக்கலாம். கமாண்ட் லைனில் ப்ராக்ஸிநோட்டீஸ் என்று தட்டி 1 கொடுங்கள், ஃபைலை மூடித் திறங்கள். ஒரு குறிப்பிட்ட பொருளின் மேல் சந்தேகம் என்றால் லிஸ்ட் கமாண்ட் கொடுத்து அதைத் தேர்ந்தெடுங்கள். "ஏகேட்_ப்ராக்ஸி_என்டிட்டி" என்று வந்தால் சந்தேகம் தீர்ந்தது.

## அறிகுறி: எச்சரிக்கை வருகிறது, ஆனால் படம் சரியாகத்தான் தெரிகிறது

பார்ப்பதற்கும் பிரிண்ட் எடுப்பதற்கும் மட்டும்தான் டிராயிங் வேண்டும் என்றால் ஒன்றும் செய்யாதீர்கள். நான் பார்த்தவற்றில் மிக அதிகமான சேதம், சிக்கலே இல்லாத ப்ராக்ஸியைச் "சுத்தம் செய்கிறேன்" என்று கை வைத்ததால் வந்ததுதான்.

அளவு எடுக்கும் வேலை என்றால் மட்டும் கவனம் வேண்டும். நீங்கள் பார்ப்பது, அனுப்பியவர் கடைசியாகச் சேமித்தபோது அவருடைய திரையில் இருந்த தோற்றம். ஆர்க்கிடெக்சர் சுவர் பிளான் வியூவில் ஒரு மாதிரியும் 3டி வியூவில் வேறு மாதிரியும் தன்னை வரைந்துகொள்ளும் ஆப்ஜெக்ட். பிளானில் சேமித்திருந்தால் உங்களுக்குக் கிடைப்பது பிளான் கோடுகள்தான். அதைச் சுழற்றி உயரம் அளந்தால் கிடைக்கும் எண்ணை நம்ப முடியாது. சிவில் 3டி லேபிள்களின் எழுத்து அளவும் அவர் வைத்திருந்த ஸ்கேலில் உறைந்து நிற்கும். நீங்கள் ஸ்கேல் மாற்றினால் அது மாறாது. டைமன்ஷன் போட வேண்டும் என்றால் எழுதப்பட்ட எண்ணை எடுங்கள், கோட்டை அளக்காதீர்கள். எண் எழுதப்படவில்லை என்றால் அனுப்பியவரைக் கேளுங்கள்.

## அறிகுறி: வெறும் பெட்டிகள் தெரிகின்றன, அல்லது ஒன்றுமே தெரியவில்லை

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். மற்ற அறிகுறிகள் வேலையை மெதுவாக்கும், இதுவோ தவறான தாளை வெளியே அனுப்ப வைக்கும்.

ஒருமுறை வேறொரு அலுவலகத்திலிருந்து நிலத்தடிக் குழாய்களின் டிராயிங் வந்தது. அதன்மேல் எங்கள் அடித்தளக் குழிகளைக் குறித்தோம், பிளாட் (பெரிய தாள் பிரிண்ட்) எடுத்தோம், தாளை மடிக்கும் வேளையில் ஓரத்தில் இருந்த குறிவிளக்கம் கண்ணில் பட்டது. "நீலக் கோடு: கழிவுநீர்க் குழாய்" என்று இருந்தது. தாள் முழுக்கத் தேடினேன், ஒரு நீலக் கோடுகூட இல்லை. பிளாட் எடுத்த கணினியில், எப்போதோ ஒரு எச்சரிக்கைப் பெட்டியில், யாரோ "காட்டாதே" என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்திருந்தார்கள். அந்தத் தேர்வு அந்த ஒரு ஃபைலோடு போகாது. கணினியிலேயே தங்கிவிடும், பிறகு திறக்கும் எல்லா டிராயிங்குக்கும் பொருந்தும். குழாயின் நேர் மேலே இரண்டு குழிகள் போட்டிருந்தோம். அன்றிலிருந்து வெளித் தாள் எதுவாக இருந்தாலும் குறிவிளக்கத்தில் உள்ள ஒவ்வொரு கோட்டையும் தாளில் விரல் வைத்துத் தேடிய பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன்.

பார்க்க வேண்டிய வரிசை இது.

லேயர். சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் பத்தில் ஓரிரண்டு முறை காரணம் இதுதான். அந்த ஆப்ஜெக்ட்டின் லேயர் ஃப்ரீஸ் ஆகியிருக்கலாம், எக்ஸ்ரெஃப்பின் (இணைத்த வெளி டிராயிங்கின்) உள்ளே அணைந்திருக்கலாம்.

ப்ராக்ஸிஷோ. தட்டிப் பாருங்கள். 0 என்றால் காட்டாது. 2 என்றால் பெட்டி மட்டும் காட்டும். 1 கொடுத்து, ரீஜென் (திரையை மறுபடி வரையவைக்கும் கமாண்ட்) செய்யுங்கள். இதில் தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது. மேலே சொன்ன கதையில் தீர்வு இவ்வளவுதான், பத்து விநாடி.

ப்ராக்ஸிகிராபிக்ஸ். ப்ராக்ஸிஷோ 1 ஆக இருந்தும் பெட்டிதான் தெரிகிறது என்றால் இதைத் தட்டிப் பாருங்கள். இதன் மதிப்பு கணினியில் இல்லை, டிராயிங்கிலேயே இருக்கிறது. 0 என்று காட்டினால், அனுப்பியவர் படத்தைச் சேமிக்காமலே அனுப்பியிருக்கிறார் என்று பொருள். பலர் இங்கே தவறு செய்கிறார்கள்: உங்கள் பக்கத்தில் அதை 1 ஆக்கிச் சேமித்தால் படம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது. ஃபைலில் இல்லாத படத்தை உங்கள் ஆட்டோகேட் எங்கிருந்து கொண்டுவரும்? பிளக்-இன் உள்ள கணினியில் திறந்து, 1 ஆக்கி, ரீஜென் செய்து, சேமித்து அனுப்ப வேண்டும். அது அனுப்பியவர் செய்ய வேண்டிய வேலை.

இடைத்தரகர். ப்ராக்ஸிகிராபிக்ஸ் 1 ஆக இருந்தும் சில ஆப்ஜெக்ட்டுக்கு மட்டும் படம் இல்லையா? அசலை வரைந்தவருக்கும் உங்களுக்கும் நடுவே, பிளக்-இன் இல்லாத இன்னொருவரோ ஒரு கன்வர்ஷன் கருவியோ அந்த ஃபைலைச் சேமித்திருக்கலாம். அசலை வரைந்தவரிடமிருந்தே நேராக வாங்குங்கள்.

நான்கும் பார்த்தாகிவிட்டது, இன்னும் பெட்டிதான் என்றால் உங்கள் பக்கத்தில் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அனுப்பியவரிடம் போங்கள், அல்லது ஆப்ஜெக்ட் எனேபிளரை (அந்த ஆப்ஜெக்ட்டுகளைப் புரிந்துகொள்ள மட்டும் உதவும் துணை நிரலை) நிறுவுங்கள்.

## அறிகுறி: எந்தப் பிளக்-இன் என்றே தெரியவில்லை

எச்சரிக்கைப் பெட்டியில் அப்ளிகேஷன் பெயர் சில நேரம் அரைகுறையாக வரும். அனுப்பியவருக்கும் தெரியாது, ஏனென்றால் அவரும் வேறு யாரிடமோ வாங்கியிருப்பார். அப்போது இந்த வழி கைகொடுக்கும்.

நகலை ஆஸ்கி டிஎக்ஸ்எஃப் ஆக (எழுத்தாகப் படிக்கக்கூடிய டிராயிங் வடிவமாக) சேமியுங்கள். அதை நோட்பேடில் திறந்து "கிளாசஸ்" என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள். அங்கே ஒவ்வொரு ஆப்ஜெக்ட் வகைக்கும் ஒரு சிறு பத்தி இருக்கும். ஒரு வரியில் எண், அடுத்த வரியில் அதன் மதிப்பு என்று மாறி மாறி வரும். 1 என்ற எண்ணுக்குக் கீழே ஆப்ஜெக்ட் வகையின் பெயர். 2-க்குக் கீழே நிரலில் அதன் பெயர். 3-க்குக் கீழே அதை உருவாக்கிய அப்ளிகேஷனின் பெயர், பல நேரம் நிறுவனத்தின் பெயரும் இணைய முகவரியும்கூட அதே வரியில் கிடைக்கும்.

280 என்ற எண்ணைத் தேடி, அதன் கீழே 1 உள்ள பத்திகளை மட்டும் எடுங்கள். இந்த டிஎக்ஸ்எஃப்பை எழுதியபோது அந்த வகைக்கான நிரல் இல்லை என்று அதற்குப் பொருள். அதாவது உங்களிடம் இல்லாதவற்றின் பட்டியல் இதுதான். 281-க்குக் கீழே 1 என்றால் கண்ணுக்குத் தெரியும் பொருள், 0 என்றால் பின்னணியில் இருக்கும் தரவு.

முன்னொட்டைப் பார்த்தே பலவற்றைச் சொல்லிவிடலாம். ஏ-இ-சி என்று மூன்று எழுத்தில் தொடங்கி அடிக்கோடு வந்தால் ஆர்க்கிடெக்சர் குடும்பம். ஏ-இ-சி-சி என்று நான்கு எழுத்து வந்தால் சிவில் 3டி. ஒரு "சி" கூடியிருக்கிறதா என்று கூர்ந்து பாருங்கள், அதைத் தவறவிட்டுத் தப்பான எனேபிளரை இறக்கி நிறுவி ஒரு நாளைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

திரையில் உள்ள ஒரு குறிப்பிட்ட ப்ராக்ஸி எந்த வகை என்று அறிய வேண்டுமா? அதே ஃபைலில் "ஏகேட்_ப்ராக்ஸி_என்டிட்டி" என்று தேடுங்கள். அதன் கீழே 91-க்கு அடுத்த வரியில் ஓர் எண் இருக்கும். கிளாசஸ் பகுதியின் முதல் பத்திக்கு 500, இரண்டாவதற்கு 501 என்று வரிசை எண் உண்டு. 503 என்று கண்டால் நான்காவது பத்தி. நோட்பேடை மூடும்போது சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பெயர் கிடைத்துவிட்டது, ஆனால் அதை உருவாக்கிய நிறுவனம் இப்போது இல்லை, எனேபிளரும் எங்கும் கிடைக்கவில்லை என்றால், உங்களுக்கு மிஞ்சியது எக்ஸ்ப்ளோட் பகுதிதான். கீழே வருகிறது.

## அறிகுறி: பிளக்-இன் நிறுவியாகிவிட்டது, ஆனாலும் ப்ராக்ஸிதான் வருகிறது

"நிறுவியிருக்கிறது" என்பதும் "லோடு ஆகியிருக்கிறது" என்பதும் ஒன்றல்ல. கமாண்ட் லைனில் ஏஆர்எக்ஸ் என்று தட்டி, கேள்விக்குறி போட்டு எண்டர் அடியுங்கள். அந்த நேரத்தில் லோடு ஆகியிருக்கும் ஏஆர்எக்ஸ், டிபிஎக்ஸ் வகைப் பிளக்-இன் நிரல்களின் பட்டியல் வரும். உங்கள் எனேபிளர் அதில் இருக்கிறதா?

### பட்டியலில் இல்லை

டிமாண்ட்லோடு என்ற மதிப்பைப் பாருங்கள். 3 இருக்க வேண்டும். 0 அல்லது 2 என்றால், டிராயிங்கில் புதிய வகை ஆப்ஜெக்ட்டைக் கண்டாலும் ஆட்டோகேட் அதற்குரிய நிரலைத் தேடாது.

அடுத்தது பாதுகாப்புத் தடை. செக்யூர்லோடு 1 ஆக இருந்தால், நம்பகமான பாதையில் இல்லாத நிரலை லோடு செய்யவா என்று ஆட்டோகேட் கேட்கும். யாராவது வேண்டாம் என்று அழுத்தியிருக்கலாம். 2 என்றால் கேட்காமலே மறுத்துவிடும். செக்யூர்லோடை 0 ஆக்கித் தப்பிக்க நினைக்காதீர்கள். அது எல்லா நிரலுக்கும் கதவைத் திறந்துவிடும். பிளக்-இன் இருக்கும் ஃபோல்டரை ஆப்ஷன்ஸில் டிரஸ்டட் லொகேஷன்ஸ் பட்டியலில் சேருங்கள். அதுதான் முறை.

இணையத்தில் இறக்கிய ஜிப்பை விரித்து வைத்ததாக இருந்தால், அந்த ஃபைல் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கீழே "அன்பிளாக்" என்று இருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் தானாகவே பூட்டி வைத்திருக்கும். ஜிப்பை விரிப்பதற்கு முன்பே அதை அன்பிளாக் செய்வது நல்லது, இல்லாவிட்டால் உள்ளே உள்ள ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருக்கும்.

ஆட்டோகேட் எல்டி (வசதிகள் குறைத்த ஆட்டோகேட்) வைத்திருக்கிறீர்களா? எல்டியில் வெளி ஏஆர்எக்ஸ் நிரல்களை லோடு செய்ய முடியாது. 2024 பதிப்பிலிருந்து எல்டிக்கு ஆட்டோலிஸ்ப் நிரல்மொழி வந்திருக்கிறது, ஆனால் அது வேறு, இது வேறு. எல்டிக்காரர்கள் இந்தப் பகுதியை விட்டுவிட்டு நேராக அனுப்பியவரிடம் சாதாரண ஆட்டோகேட் நகல் கேட்பதே மேல்.

### பட்டியலில் இருக்கிறது

அப்படியென்றால் பதிப்புச் சிக்கல். இரண்டு விதமாக வரும்.

ஒன்று, எனேபிளர் வேறு ஆட்டோகேட் தலைமுறைக்கு எழுதப்பட்டது. 2021 முதல் 2024 வரையானவை ஒரே தலைமுறை, உள் எண்ணில் 24 என்று தொடங்கும். 2025-ல் அது 25 ஆகிவிட்டது. 2024-க்கு எழுதிய எனேபிளரை 2025-ல் போட்டால் பெரும்பாலும் லோடே ஆகாது, அரைகுறையாக ஆனாலும் நம்ப முடியாது.

இன்னொன்று, அனுப்பியவரின் பிளக்-இன் உங்களுடையதைவிடப் புதியது. சிவில் 3டியில் இது தொடர்கதை. இங்கே ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. டிடபிள்யூஜி ஃபைலை (ஆட்டோகேட்டின் வழக்கமான டிராயிங் ஃபைலை) நோட்பேடில் திறந்தால் முதல் ஆறு எழுத்து அதன் வடிவத்தைச் சொல்லும்: ஏசி1015 என்றால் 2000, ஏசி1018 என்றால் 2004, ஏசி1021 என்றால் 2007, ஏசி1024 என்றால் 2010, ஏசி1027 என்றால் 2013, ஏசி1032 என்றால் 2018 வடிவம். ஆனால் 2018-க்குப் பிறகு வந்த பல பதிப்புகளும் அதே ஏசி1032-ஐத்தான் எழுதுகின்றன. அதனால் இரண்டு பேருடைய ஃபைலும் ஏசி1032 என்று காட்டினாலும், உள்ளே இருக்கும் சிவில் 3டி சர்ஃபேஸ் வெவ்வேறு பதிப்பாக இருக்கலாம். "2013 வடிவத்தில் சேமித்து அனுப்புங்கள்" என்று கேட்பதும் உதவாது. கோடும் வட்டமும் பழைய வடிவத்துக்கு இறங்கும், சிவில் 3டி ஆப்ஜெக்ட் பழைய பதிப்புக்கு இறங்காது. ப்ராக்ஸியாகத்தான் வரும்.

இங்கே தீர்வு இரண்டே. நீங்கள் அவருடைய பதிப்புக்கு ஏற வேண்டும், அல்லது அவர் சாதாரண ஆட்டோகேட் கோடுகளாக மாற்றித் தர வேண்டும். எனேபிளர்களை மாற்றி மாற்றி நிறுவிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. சரியான பதிப்பு எண்ணோடு இரண்டு முறை நிறுவியும் வரவில்லையென்றால், அந்தப் பிளக்-இன் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். ஏஆர்எக்ஸ் பட்டியலின் நகலையும் உங்கள் ஆட்டோகேட்டின் அபவுட் பெட்டியில் உள்ள முழுப் பதிப்பு எண்ணையும் சேர்த்து அனுப்பினால், முதல் இரண்டு கேள்விகளை அவர்கள் கேட்க வேண்டியிருக்காது.

## அறிகுறி: நகர்த்தவோ, நிறம் மாற்றவோ, அழிக்கவோ முடியவில்லை

லேயர் பூட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் ஆட்டோகேட்டில் கோளாறு எதுவும் இல்லை. பிளக்-இன் எழுதியவர் கொடுத்த அனுமதி அவ்வளவுதான்.

அந்த அனுமதியையும் டிஎக்ஸ்எஃப்பில் படிக்கலாம். முன்பு சொன்ன கிளாசஸ் பத்தியில் 90-க்கு அடுத்த வரியைப் பாருங்கள். 0 என்றால் எதுவும் செய்ய முடியாது. 1 என்றால் அழிக்கலாம். 2 நகர்த்தவும் சுழற்றவும், 4 நிறம், 8 லேயர், 16 கோட்டு வகை, 128 நகலெடுக்க. இவற்றைக் கூட்டித்தான் எழுதியிருக்கும். 11 என்று கண்டால் 1, 2, 8 மூன்றும் சேர்ந்தது: அழிக்கலாம், நகர்த்தலாம், லேயர் மாற்றலாம், நிறம் மாற்ற முடியாது. 895 என்றால் நகலெடுப்பது தவிர எல்லாம். 1023 என்றால் எல்லாமே.

இந்த எண்ணைப் பார்த்ததும் அடுத்த அடி தெளிவாகிவிடும். கூட்டலில் 1 சேராத எண் என்றால் அழிக்கும் முயற்சியை நிறுத்துங்கள். ப்ராக்ஸி இல்லாத பொருட்களை மட்டும் தேர்ந்தெடுத்து, டபிள்யூபிளாக் மூலம் புது ஃபைலுக்கு எடுத்துப்போவது சுலபம். கூட்டலில் 128 சேரவில்லையென்றால் காப்பி-பேஸ்ட்டில் ப்ராக்ஸி பின்தொடராது. "பேஸ்ட் செய்தால் பாதி வரவில்லை" என்ற புகாருக்குக் காரணம் இதுவே. தேவையில்லாத ப்ராக்ஸியை விட்டுவிட்டு வர நினைக்கும்போது அதே குணம் நமக்கு உதவியாகிறது.

நகர்த்த அனுமதி இருந்தாலும், அந்த டிராயிங் அனுப்பியவரிடம் திரும்பிப் போகப்போகிறது என்றால் நகர்த்தாதீர்கள். பிளக்-இன் உள்ள இடத்தில் அந்தக் கதவு ஒரு சுவரோடும், அந்தக் குழாய் ஒரு மேன்ஹோலோடும் கட்டுண்டு இருக்கும். நீங்கள் நகர்த்தியது அங்கே என்ன குழப்பம் செய்யும் என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

## அறிகுறி: எக்ஸ்ப்ளோட் ஆகவில்லை, அல்லது ஆனதும் சிதறிவிடுகிறது

மலிவானதிலிருந்து தொடங்குவோம். எல்லாம் நகலில் மட்டும்.

சாதாரண எக்ஸ்ப்ளோட் கமாண்ட் சில ப்ராக்ஸிகளில் வேலை செய்யும். முதல் முறை கொடுத்தால் பிளாக் ஆகும், இரண்டாவது முறைதான் கோடாகும். முதல் முறை ஒன்றும் மாறாதது போலத் தெரிந்தால் லிஸ்ட் கொடுத்துப் பாருங்கள், வகை மாறியிருக்கலாம்.

அது மறுத்தால், அனுப்பியவரிடம் எக்ஸ்போர்ட்டுஆட்டோகேட் கமாண்ட் கொடுத்து ஒரு நகல் கேளுங்கள். சிவில் 3டியிலும் ஆர்க்கிடெக்சரிலும் இது உண்டு. அசலைத் தொடாமல், ஆப்ஜெக்ட்டுகளைக் கோடுகளாகவும் எழுத்துகளாகவும் மாற்றிப் புது ஃபைலாகத் தரும். முன்னால் ஒரு சிறு கோடு சேர்த்துத் தட்டினால் எக்ஸ்ரெஃப்களைச் சேர்த்துக் கட்டும் வசதியும் கிடைக்கும். பிளக்-இன்னே தன் ஆப்ஜெக்ட்டைப் பிரித்துத் தருவதால் வளைவு வளைவாகவும் எழுத்து எழுத்தாகவும் வரும். இந்த வழி இருக்கும்போது வேறு எதையும் நான் தேடுவதில்லை. அவருக்கு இரண்டு நிமிட வேலை, உங்களுக்கு இரண்டு நாள் மிச்சம்.

அனுப்பியவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தால் ஆர்12 டிஎக்ஸ்எஃப் ஆகச் சேமித்துத் திரும்பத் திறக்கும் பழைய வழி உண்டு. அந்த வடிவத்துக்கு ப்ராக்ஸி என்ற கருத்தே தெரியாது, அதனால் படம் பெரும்பாலும் கோடுகளாகப் பிரிந்து வந்துவிடும். ஆனால் விலை கொடுக்க வேண்டும். 31 எழுத்தைத் தாண்டிய லேயர் பெயர்கள் வெட்டுப்படும், ட்ரூ கலர் போய்விடும், பல லேஅவுட்டுகள் இருந்தால் மிஞ்சாது. அதனால் முழு டிராயிங்கையும் இந்த வழியில் அனுப்பாதீர்கள். ப்ராக்ஸிகளை மட்டும் தனி ஃபைலாகப் பிரிக்க முடிந்தால், அதை ஆர்12 வழியாகக் கொண்டுபோய், கோடானதும் அதே ஆள்கூற்றில் முதன்மை டிராயிங்கில் சேருங்கள்.

ப்ராக்ஸிகளை மொத்தமாகப் பிரிக்கவும் நீக்கவும் தனியார் எழுதிய சிறு ஏஆர்எக்ஸ் கருவிகளும் உண்டு. உங்கள் ஆட்டோகேட் ஆண்டுக்கு உரியதை மட்டும் எடுங்கள், எங்கிருந்து வருகிறது என்று தெரியாததைத் தொடாதீர்கள். "எல்லாவற்றையும் நீக்கு" என்ற கமாண்ட் கண்ணுக்குத் தெரியும் ப்ராக்ஸிகளையும் சேர்த்தே எடுத்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். முதலில் பிரிக்க வேண்டும், படம் முழுவதும் வந்துவிட்டதா என்று அசலின் பிரிண்ட்டோடு வைத்துப் பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் நீக்க வேண்டும்.

எந்த வழியில் பிரித்தாலும் ஒரு சோதனை கட்டாயம். வளைவான சாலை விளிம்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து லிஸ்ட் கொடுங்கள். ஆர்க் என்று வருகிறதா, நூறு சின்னக் கோடுகளாக வருகிறதா? கோடுகள் என்றால் அந்த வளைவின் ஆரத்தை இந்த டிராயிங்கிலிருந்து எடுக்கக் கூடாது. படத்தைப் பிரித்தால் படத்தில் இருந்த துண்டுகள்தான் கிடைக்கும்.

## அறிகுறி: ஃபைல் பெரிது, திறக்கவும் நகர்த்தவும் மெதுவாக இருக்கிறது

பேன், ஜூம் மட்டும் மெதுவாக இருந்தால் ப்ராக்ஸிஷோவை 2 ஆக்கி வேலை செய்யுங்கள். பிளாட்டுக்கு முன் 1-க்குத் திருப்ப மறக்காதீர்கள். திரையில் ஒட்டிவைத்த ஒரு சீட்டு இதற்கு நல்ல மருந்து.

ப்ராக்ஸிகிராபிக்ஸை 0 ஆக்கிச் சேமித்தால் ஃபைல் சிறுக்கும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். சிறுக்கும்தான். உங்களுக்கு அடுத்து அதைத் திறப்பவருக்குப் பெட்டி மட்டும் மிஞ்சும். செய்யாதீர்கள்.

திறப்பதே தாமதம் என்றால், குறித்துவைத்த எண்ணிக்கையில் படம் இல்லாத ப்ராக்ஸிகள் எத்தனை என்று பாருங்கள். வரைந்தது நூறு, படமில்லாதது ஆயிரக்கணக்கில் என்றால், பல கைகள் மாறி வந்த குப்பை உள்ளே சேர்ந்திருக்கிறது. ஆடிட் (பிழைகளைச் சோதிக்கும் கமாண்ட்) கொடுங்கள். முன்னால் சிறு கோடு போட்ட பர்ஜ் கமாண்டில் ரெகாப்ஸ் (டிராயிங்கில் பதிவான அப்ளிகேஷன் பெயர்கள்) தேர்ந்தெடுத்து நீக்குங்கள். அதற்கும் அசையவில்லையென்றால், மாடலில் உள்ள பொருட்களை டபிள்யூபிளாக் செய்து வெற்று டிராயிங்கில் செருகுங்கள். பின்னணிக் குப்பையில் பெரும்பகுதி பழைய ஃபைலிலேயே தங்கிவிடும்.

ஆடிட்டில் பிழைகள் வந்துகொண்டே இருந்தால், ரிகவர் கொடுத்தும் அதே பிழைகள் திரும்பினால், அங்கே நிறுத்திவிட்டு உங்கள் அலுவலகத்தின் கேட் மேலாளரிடமோ மென்பொருள் உதவிப் பிரிவிடமோ அசல் ஃபைலைக் கொடுங்கள். நீங்கள் திருத்திப் பார்த்த நகலை அல்ல, வந்தபடியே இருக்கும் அசலை.

## அறிகுறி: வேறு மென்பொருளில் இணைத்தால் பாதி காணோம்

ரெவிட்டில் டிடபிள்யூஜியை இணைக்கும்போது ப்ராக்ஸிகள் விடுபட்டு, சாதாரணக் கோடுகள் மட்டும் வரும். நேவிஸ்வொர்க்ஸில் உரிய எனேபிளர் இல்லாவிட்டால் பெட்டிகள் நிற்கும். அந்த மென்பொருளின் இம்போர்ட் அமைப்புகளைத் துழாவி நேரம் கழிக்காதீர்கள். ஆட்டோகேட்டிலேயே சாதாரணக் கோடாக்கிய நகலை இணையுங்கள்.

## அனுப்பியவரைக் கேட்கும்போது

"ஃபைல் சரியில்லை, மறுபடி அனுப்புங்கள்" என்று எழுதினால் அதே ஃபைல்தான் திரும்ப வரும். அவர் திரையில் எல்லாம் ஒழுங்காகத்தானே தெரிகிறது? அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாகச் சொல்ல வேண்டும். நான் வைத்திருக்கும் கடிதம் இதுதான், எடுத்துக்கொள்ளுங்கள்:

"வணக்கம். நீங்கள் அனுப்பிய டிராயிங்கில் (ஃபைல் பெயர், தேதி) இத்தனை ஆப்ஜெக்ட்டுகள் எங்களிடம் ப்ராக்ஸியாக வருகின்றன. எச்சரிக்கைப் பெட்டியில் வரும் அப்ளிகேஷன் பெயர் இது. எங்களிடம் இருப்பது ஆட்டோகேட் இந்த ஆண்டுப் பதிப்பு. தயவுசெய்து மூன்று உதவி செய்யுங்கள். உங்கள் மென்பொருளின் பெயரையும் பதிப்பையும் தெரிவியுங்கள். அசல் டிராயிங்கில் ப்ராக்ஸிகிராபிக்ஸை 1 ஆக்கி, ரீஜென் செய்து, சேமித்து அனுப்புங்கள். அதோடு எக்ஸ்போர்ட்டுஆட்டோகேட் மூலம் எடுத்த சாதாரண நகல் ஒன்றையும், எல்லாம் சரியாகத் தெரியும் உங்கள் திரையிலிருந்து எடுத்த பிடிஎஃப் ஒன்றையும் இணையுங்கள். பிடிஎஃப்போடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எங்கள் தாளை வெளியிடுவோம்."